வீடு பூட்டியிருந்தது

சித்திரை 2, புதன் இரவு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று வருஷப் பிறப்பன்றைக்குப் போனில் பேசும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். “சரிம்மா, போய்ப் படு, நாளைக்கு உனக்குத் தடுப்பூசி நாள்” என்று நீயே வைத்துவிட்டாய். அவ்வளவு மனக்கஷ்டத்திலும் புதன்கிழமை எனக்கு என்ன வேலை என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. இன்றைக்கு ஊசி போட்டு முடித்து, மருந்துப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அப்பாவுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், நீயும் அழுவாய், விஷயம் பாதியில் நின்றுபோகும். எழுத்தில் என்றால் முழுக்கச் சொல்லிவிடலாம். கடைசி வரைக்கும் படி. அப்புறம் கோபப்படு.

ஜனவரியிலிருந்து நீ படுகிற பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்றாம் வருடப் பரீட்சைக்கு அப்புறம் வருகிற எலெக்டிவில், அதுதான் நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிற பயிற்சியில், ஒரு பகுதியை ஊர்ப்புறத்து மருத்துவ மையத்தில், டாக்டரின் மேற்பார்வையில் இருந்து செய்யலாம் என்று மருத்துவ ஆணையத்தின் விதியிலேயே இருக்கிறது என்று அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாய். விதியில் இருப்பது கைக்கு வந்து சேர இத்தனை அலைச்சல் இருக்கும் என்று நீ நினைக்கவில்லை, பாவம். கல்லூரியில் கேட்டால் அங்கேயிருந்து சம்மதக் கடிதம் வாங்கி வா என்றார்கள். அங்கே கேட்டால் முதலில் கல்லூரிக் கடிதம் வேண்டும் என்றார்கள். ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் இடம் நிரம்பிவிட்டது. ஒரு இடத்தில் பெண்பிள்ளை தங்க வசதி இல்லை. ஒரு அறக்கட்டளை தங்கவும் சாப்பிடவும் கேட்ட பணம், அப்பா பட்டறையில் ஒரு மாதம் முழுக்க இன்ஜின் பிரித்துப் போட்டால் வருகிற பணம். நாலாவது இடத்திலிருந்து பதிலே இல்லை. ஒவ்வொரு தடவையும் “பரவாயில்லம்மா, இன்னொன்னு போட்டிருக்கேன்” என்பாய். உன் குரலை வைத்தே எத்தனை பரவாயில்லை என்று எனக்குத் தெரியும்.

ஐந்தாவதாக எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே எழுதினாய். என் பேரைப் போடவில்லை. “நர்ஸ் மகள்னு யாரும் இடம் குடுக்கக் கூடாதும்மா” என்று எழுதி அனுப்பின பிறகுதான் எனக்கே சொன்னாய். பத்து நாள் கழித்து ‘இம்முறை இயலாது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. அன்றைக்குத்தான் நீ உடைந்து போனாய். “நம்ம ஊர்க்காரங்களே வேணாங்கிறாங்களேம்மா” என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எல்லாம் நல்லதுக்குத்தான் தாயி, மெட்ராஸ்லயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில பண்ணிக்கோ என்று சொன்னேன்.

அந்தப் பதிலை எழுத வைத்தவள் நான்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை. புறநோயாளிகள் முடிய இரண்டு மணி தாண்டிவிட்டது. டாக்டரம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டார்கள். மேஜையில் திறந்து வைத்த டிபன் பாக்ஸில் கை படாத எலுமிச்சைச் சாதம் காய்ந்து கொண்டிருந்தது. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி, “சிஸ்டர், இது உங்க தெரு அட்ரஸ்தானே? உங்க பொண்ணா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். “நல்லா எழுதியிருக்கு. வரச் சொல்லட்டுமா? சொல்லிக்குடுக்க எனக்கு நேரம் கிடைக்குமான்னுதான் யோசனையா இருக்கு.” அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டேன். “வேண்டாம் டாக்டர். இங்க வந்தா அவ படிப்பு கெட்டுரும். மேல்படிப்புப் பரீட்சைக்குத் தயாராகணும். முடியாதுன்னு எழுதிடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம்” என்றேன். அவர்கள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, சரி சிஸ்டர் என்றார்கள். அவ்வளவுதான் நடந்தது. அந்த அம்மா மேல் உனக்கு வருத்தம் இருந்தால் அதை எடுத்து என் மேல் வை.

ஏன் செய்தேன் என்று இந்த இரண்டு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். டாக்டரம்மாவிடம் சொன்ன காரணம் பொய் இல்லை. அரசுப் பள்ளிக்கூடத்தில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட்டு வாங்கி, மெட்ராஸ் வரைக்கும் போன பிள்ளை நீ. மேலே ஏறிப் போகிறவளை நாமே கீழே இழுத்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. கொஞ்ச நாள் என்று வருவாய், உனக்கு இந்த ஊர் பிடித்துப் போகும், அப்புறம் இங்கேயே நின்றுவிடுவாய் என்று நினைத்தேன்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஒரு பேர் இருக்கிறது அல்லவா. எந்த ஊரில் எந்த அதிகாரிக்குக் கோபம் வந்தாலும் “தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்” என்பார்கள். அந்தக் காடு நாம்தான். காவிரித் தண்ணீர் குழாயில் வந்த பிறகும் அந்தப் பேர் போகவில்லை. நான் வேலைக்கு வந்தது 1993-ல். அன்றிலிருந்து எத்தனையோ டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். பெட்டியைப் பிரிக்காமலே ஒரு வருஷம் இருந்தவர்கள் உண்டு. அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம், வயசான அப்பா அம்மா, மேல்படிப்பு என்று அவரவர்க்கு ஆயிரம் இருக்கும். ஆனால் ஒவ்வொருவர் போகும்போதும் ஜனங்கள் என்னிடம் வந்து, “இவுகளும் போறாகளா நர்ஸம்மா?” என்று கேட்பார்கள். அப்படி ஒரு ஊருக்குத் தானாக வருகிறேன் என்று ஒரு பிள்ளை கடிதம் போட்டால், அதை மறித்தவள் அந்த ஊர் நர்ஸ். அதுவும் பெற்ற தாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்ன வயசில் உன்னைத் தூங்க வைக்க நான் சொன்ன மீன் வேன் கதை ஞாபகம் இருக்கும். 108 வண்டி நம் ஊர்ப்பக்கம் வருவதற்குப் பல வருஷம் முந்தி. ஐப்பசி மழை. வீட்டில் பிரசவம், குழந்தை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடி வரவில்லை, ரத்தம் நிற்கவில்லை. மீன் ஏற்றி வந்த வேன்காரர் ஐஸ் பெட்டிகளை ரோட்டிலேயே இறக்கி வைத்துவிட்டுத் தார்ப்பாயை விரித்தார். ராமநாதபுரம் போய்ச் சேருகிற வரைக்கும் அவள் வயிற்றிலிருந்து நான் கையை எடுக்கவில்லை. பெரிய சிக்கல் என்றால் அங்கிருந்து இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் மதுரைக்குப் போக வேண்டிய காலம் அது. ராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரி திறந்ததே 2022 ஜனவரியில்தான். அவள் பிழைத்தாள், நீ கேட்ட கதையும் அங்கே முடிந்துவிடும். என் சேலையிலிருந்து ஒரு வாரம் மீன் வாடையும் ரத்த வாடையும் போகவில்லை என்பதையும், அதற்கப்புறம் மழை பெய்கிற ராத்திரிகளில் யாராவது கதவைத் தட்டினால் எனக்குக் கை கால் நடுங்கும் என்பதையும் நான் சொன்னதில்லை. நீ டாக்டராக வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தது அந்தக் கதையால்தான் என்று அப்பா சொல்வார். அப்படியானால் அந்த நடுக்கத்தையும் நானே உன் தலையில் கட்டினேனோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குற்ற உணர்ச்சி. நான் பட்டது போதும் என்று நினைத்தேன்.

இதுவரை எழுதியதெல்லாம் உனக்காகப் பயந்தது. எனக்காகப் பயந்தது ஒன்று உண்டு. அதை எழுதத்தான் பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தேன்.

நீ என்னை வேலையில் பார்த்ததில்லை பாப்பா. ஊருக்குள் நர்ஸம்மா என்று கூப்பிடுவதைத்தான் பார்த்திருக்கிறாய். மாதாந்தரக் கூட்டத்தில் என்னைப் பார்த்ததில்லை. அங்கே எழுந்து நிற்கச் சொல்வார்கள். உன் பகுதியில் ஏன் இத்தனை பேர் விட்டுப்போயிருக்கிறார்கள், ஏன் இந்த எண்ணிக்கை குறைவு என்று கேட்பார்கள். கேட்பவர் சில சமயம் உன்னைவிட நாலைந்து வயசுதான் மூத்தவராக இருப்பார். ஐம்பத்தாறு வயசில் பதிவேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சரி பண்ணிருறேன் சார் என்று நிற்பேன். நீ வந்தால் ஒரு நாள் அந்தக் கூட்டத்தில் பின் வரிசையில் உட்கார வேண்டி வரலாம். நாளைக்கு நீ அவர்கள் நாற்காலியில் உட்காரப் போகிறவள். அம்மா அப்படி நிற்பதை நீ பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். இதுதான் அடியில் கிடந்த காரணம். படிப்பு, பரீட்சை எல்லாம் அதற்கு மேல் போர்த்திய துணி.

சரி, இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பாய்.

கண்ணாடி அத்தையை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கடல்பாசி எடுக்கப் போகிறவள். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கடலுக்குள் போடுகிற கண்ணாடியை உன் முகத்தில் மாட்டிவிடுவாளே, அவள்தான். பங்குனியில் ஒரு நாள் சாயங்காலம் துணை சுகாதார நிலையத்துக்குத் தானாகவே வந்தாள். வாசல் குழாயில் காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்து, “இந்தக் கால்ல ஒரு வாடை வருது நர்ஸம்மா, என்னன்னு பாருங்க” என்றாள்.

பாறையும் சிப்பியும் கிழிக்காமல் இருக்க இவர்கள் விரல் விரலாகத் துணி சுற்றிக்கொள்வார்கள், உனக்குத் தெரியும். அந்தத் துணியைக் கத்தரித்துப் பிரித்தேன். நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறி, தோல் வெள்ளை வெளேர் என்று சுருங்கியிருந்தது. பெருவிரலுக்கு அடியில் ஒரு ஓட்டை. சுற்றிலும் கறுப்பு. இடுக்கியால் துடைக்கும்போது உள்ளே ஏதோ தட்டியது. எடுத்தால், துவரம்பருப்பு அளவு ஒரு சிப்பித் துண்டு. எத்தனை நாளாக உள்ளே இருந்ததோ. நான் அதை எடுக்கும்போது அவள் காலை இழுக்கவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, அன்றைக்குப் பாசி என்ன விலைக்குப் போயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எப்ப குத்துச்சு?” என்றேன்.

“தெரியலையே. முன்னெல்லாம் பாறை குத்துனா உசுரு போகும். ரெண்டு வருசமா கால் நல்லா பழகிருச்சு, எது பட்டாலும் வலிக்கிறதில்ல.”

சர்க்கரையில் நரம்பு மரத்துப் போனதைக் கடல் தனக்குக் கொடுத்த வரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். விரலில் குத்திப் பார்த்தேன், 362. அன்றைக்கே ராமநாதபுரத்துக்கு அனுப்பி வைத்தேன். பெருவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கால் தப்பியது.

அன்றைக்கு ராத்திரி பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்த பிறகு சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே போகிறது. அதற்கு முன்னால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். இவள் பேரும் பட்டியலில் இருந்தது. செப்டம்பரில் ‘வீடு பூட்டியிருந்தது’. நவம்பரில் ‘வீடு பூட்டியிருந்தது’. ஜனவரியில் ‘வீடு பூட்டியிருந்தது’. தன்னார்வலர் பிள்ளையின் கையெழுத்து, பக்கத்தில் சரிபார்த்தேன் என்று என் கையெழுத்து. சுவரிலிருந்து தினசரி காலண்டரையும் உன் பழைய டைரியையும் எடுத்து வைத்துத் தேதிகளைப் பார்த்தேன். மூன்றும் அமாவாசையை ஒட்டியோ பௌர்ணமியை ஒட்டியோ இருந்தன.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் நன்றாக வற்றும். அப்போதுதான் பாசிக்குப் போவார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் போல, விடிவதற்கு முன்னால் வள்ளம் ஏறினால் மத்தியானத்துக்கு மேல்தான் வருவார்கள், வந்ததும் கரையில் காயப்போட உட்காருவார்கள். இது நம் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். ஆனால் என் சுற்றுப்பயணத் திட்டம் திங்கள், செவ்வாய் என்று கிழமைக் கணக்கில் இருக்கிறது. அவர்கள் வீடு திறந்திருப்பது நிலாக் கணக்கில். இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை.

நீ கேட்டாய். போன தீபாவளி லீவில் கரைக்கு வந்தபோது, அவர்கள் கால் விரலில் துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, “இவங்கள்ல எத்தனை பேருக்கும்மா சுகர்? இவங்க எந்தெந்த நாள் வீட்ல இருப்பாங்கன்னு எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கீங்களா?” என்று கேட்டாய். அதுக்கெல்லாம் ரிஜிஸ்டர்ல கட்டம் கிடையாது, நீ உன் படிப்பைப் பாரு என்றேன். அன்றைக்கு நீ கேட்டதை நான் காதில் போட்டிருந்தால் நவம்பரிலும் ஜனவரியிலும் அந்தக் கதவு திறந்திருக்கும் நாளில் யாராவது போயிருப்பார்கள். அவளுக்கு விரல் இருந்திருக்கும். இருந்திருக்கலாம் என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் என் மனசுக்கு இருந்திருக்கும் என்றுதான் படுகிறது.

கல்லூரி தத்தெடுத்திருக்கிற கிராமத்துக்கு உங்களை பஸ்ஸில் கூட்டிப்போய்ச் சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள், ஒரு வீட்டில் உட்கார்ந்து பேச நேரம் இல்லை என்று நீ வருத்தப்பட்டபோது எனக்குப் புரியவில்லை. போய்ப் பார்த்தால் போதாதா என்று நினைத்தேன். இப்போது புரிகிறது. பூட்டியிருக்கிற வீட்டைப் பார்த்துவிட்டு வருவதற்கு ஒரு நாள் போதும். எப்போது திறக்கும் என்று தெரிந்துகொள்ளத் தங்கத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் போனேன். நான் சொன்னது தப்பு, என் மகளுக்கும் உங்களுக்கும் நடுவில் நான் வந்திருக்கக் கூடாது, முடிந்தால் திரும்பப் பாருங்கள் என்றேன். அவர்கள் திட்டவில்லை. “எனக்கு அப்பவே மனசு கேக்கல சிஸ்டர்” என்றார்கள். அப்புறம் பேசப் பேசத்தான், ஒரு மாணவியை வைத்துக்கொள்வது அவர்களுக்கு என்ன சுமை என்று எனக்கே தெரிந்தது. ஒரு நாளைக்கு நூறு சீட்டுக்குக் குறையாது. அதற்கு மேல் பிரசவம், கூட்டம், முகாம். நீ ஒரு நோயாளியைத் தொட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நீ ராத்திரி எங்கே படுக்கிறாய், உனக்கு ஒன்று ஆனால் யார் பொறுப்பு என்பதும் அவர் தலையில்தான். உனக்கு முடியாது என்று எழுதிய மற்ற இடங்களிலும் இப்படி ஒருவர் நூறு சீட்டுக்கு நடுவில் உட்கார்ந்துதான் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். கிராமத்துக்கு நீ வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

உன் முதல் கடிதத்தை எனக்கும் காட்டினார்கள். அழகாக எழுதியிருக்கிறாய். உனக்குக் கிராமத்து மருத்துவத்தில் எவ்வளவு ஆர்வம், நீ என்ன கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாய் என்று ஒரு பக்கம். படிக்கிறவர் மனசில் ஓடும் கேள்விக்கு அதில் பதில் இல்லை. இந்தத் தடவை சுருக்கமாக எழுது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எங்கே தங்குவாய், உன் கல்லூரியில் யார் பொறுப்பு, அவர் நம்பர் என்ன, நோயாளியைத் தனியாகப் பார்க்க மாட்டாய் என்று ஒரு வரி, இங்கே இருக்கும் நாளில் என்ன வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவாய் என்று ஒரு பத்தி. கல்லூரி முதலா இவர்கள் முதலா என்ற சிக்கலுக்கும் டாக்டரம்மாவே வழி சொன்னார்கள். கல்லூரி அனுமதித்தால் எங்களுக்குச் சம்மதம் என்று முதலில் ஒரு கடிதம் தருவார்கள். அதை வைத்து நீ கல்லூரிக் கடிதம் வாங்கு. அது வந்ததும் மாவட்ட அலுவலகத்துக்கு அவர்களே அனுப்புவார்கள். அங்கே என்ன சொல்வார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. என் பேரைச் சொல்லி யாரிடமும் கேட்க மாட்டேன், அது உன் விருப்பம். மாதக் கடைசிக்குள் உன் கடிதம் வந்துவிட வேண்டும்.

என்ன வேலை என்பதற்கு உன் தீபாவளிக் கேள்வியையே எழுது. என் பகுதியில் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று பட்டியலில் இருக்கிற வீடுகளில் பாசிக்குப் போகிற வீடு எது, கரைவலைக்குப் போகிற வீடு எது, கரி மூட்டம் போடப் போகிற வீடு எது, எந்த வீடு எந்த நாள் திறந்திருக்கும் என்று எழுதி எடுக்க வேண்டும். நான் ஆரம்பித்திருக்கிறேன். காலண்டர் தாளுக்குப் பின்பக்கம் பென்சிலில் பதினேழு வீடு எழுதிவிட்டேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, இது சரியாக வந்தால் மாத்திரை கொடுக்கிற நாளையே மாற்றிப் போடலாம் என்றார்கள். உன்னிடம் இருக்கிற அந்த நைலான் இழையால் கால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பாயே, உணர்ச்சி இருக்கிறதா என்று, அதையும் கூட வந்து செய்தால் இன்னும் எத்தனை பேர் கால் ‘பழகிப்போய்’ இருக்கிறது என்று தெரியும். எனக்கு அதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது.

இன்றையிலிருந்து தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. சாயங்காலம் வரும் வழியில் பார்த்தேன், படகுகளை வரிசையாகக் கட்டிப் போட்டிருக்கிறார்கள், வலையைக் கரையில் பரப்பிவிட்டார்கள். மற்ற மாதங்களில் ஆம்பளைகளைக் கையைப் பிடித்து ரத்த அழுத்தம் பார்ப்பது என்பது நடக்காத காரியம். ஒன்று கடலில் இருப்பார்கள், இல்லையென்றால் தூங்குவார்கள். இந்த இரண்டு மாதம் வலை பின்னிக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். உன் எலெக்டிவ் மே மாதத்தில் வருவது அதற்குத் தோதாக இருக்கிறது.

டாக்டரம்மாவிடம் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. முன்னெல்லாம் திருக்கை முள் குத்தினால் சுண்ணாம்பை அப்பிக்கொண்டு அலறிக்கொண்டு வருவார்கள். இப்போது அவர்கள் சொல்லிக்கொடுத்தபடி, 45 டிகிரிக்கு மேல் போகாமல், பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் காலை வைக்கிறோம். குத்தாத காலை முதலில் விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும், வலியில் கிடப்பவனுக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். கொஞ்ச நேரத்தில் கத்திக்கொண்டிருந்தவன் பேச ஆரம்பித்துவிடுவான். முள் உள்ளே உடைந்திருக்கிறதா என்று படம் எடுப்பதும் தடுப்பூசியும் அப்புறம். கடல் பாம்பு விஷயம் வேறு. நம் அலமாரியில் இருக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான். கடல் பாம்புக்கு அது கேட்காது. கடித்த இடத்தில் வலியே இருக்காது, அப்புறம் உடம்பெல்லாம் வலி, சிறுநீர் கறுக்கும். வலை உதறும்போது ஏதோ கீறியது என்று யாராவது சொன்னால் சும்மா அனுப்பக் கூடாது என்று அவர்கள் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

வரத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை பாப்பா. இதைப் படித்த பிறகு உனக்கு இந்தப் பக்கமே வரப் பிடிக்காமல் போனாலும் அது நியாயம். மெட்ராஸில் ஒரு இடம் கிடைக்கும் போல இருக்கிறது என்று நேற்று சொன்னாய், அதை எடுத்துக்கொண்டாலும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். ஆனால் ஊர்க்காரர்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்ற நினைப்போடு நீ முடிவு எடுக்கக் கூடாது. அப்படி யாரும் சொல்லவில்லை. உன் அம்மா சொன்னாள். அதற்கு என்னை மன்னிக்க முடிந்தால் மன்னித்துவிடு, உடனே வேண்டாம், முடிகிறபோது.

வந்தால் எங்கே தங்குவது என்பதை நீயே முடிவு பண்ணு. சுகாதார நிலையக் குவார்ட்டர்ஸில் ஒரு அறை காலியாக இருக்கிறது, விசிறி ஓடுகிறது, கதவுக்கு நல்ல தாழ்ப்பாள், ராத்திரி பக்கத்துக் கட்டிடத்திலேயே ஸ்டாஃப் நர்ஸ் இருப்பார்கள். என் மேல் கோபம் தீராவிட்டால் அங்கே இரு. சாப்பாடு மட்டும் கொடுத்து அனுப்புவேன், அதை வேண்டாம் என்று சொல்லாதே. நம் வீட்டுக்கு வருவதாக இருந்தால் உன் அறை அப்படியே இருக்கிறது. அப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய் உன் சைக்கிளை மாடிப்படிக்கு அடியிலிருந்து எடுத்து வந்து செயினுக்கு எண்ணெய் போட்டார்.

மாதாந்தரக் கூட்டம் மே மாதம் மூன்றாவது வாரம் வருகிறது. நீ இங்கே இருந்தால் டாக்டரம்மா உன்னையும் கூட்டிக்கொண்டு வரட்டும். வந்து உட்கார். என்னை எழுந்து நிற்கச் சொல்வார்கள், நிற்பேன். அன்றைக்கு என் கையில் பதிவேட்டோடு அந்தக் காலண்டர் தாள்களும் இருக்கும்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: கண்ணாடி அத்தைக்குப் புண் நன்றாக ஆறி வருகிறது. மறுபடி பாசிக்குப் போகலாமா என்று இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டுவிட்டாள். போகாதே என்று சொன்னால் அந்தப் பன்னிரண்டு நாள் கூலிக்கு அவள் என்ன செய்வாள்? பாறையில் நடக்க என்ன மாதிரி செருப்பு போட்டால் அந்தக் காலுக்கு ஆகும் என்று உங்கள் ஆஸ்பத்திரியில் சர்க்கரைக் காலுக்கென்று பார்க்கிற டாக்டர் யாராவது இருந்தால் கேட்டு எழுது. அவள் கால் அளவைப் பேப்பரில் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன்.